மஃரிபுக்குப் பின்னும் பார்க்கத் தகுந்த படங்கள்

வெளிநாடு சென்று திரும்பியவர் பயணக் கட்டுரை எழுதியே தீரவேண்டும் என்பது நம் இலக்கிய உலகில் எழுதப்படாத சட்டமாகிவிட்டது. என்னுடைய கடவுச்சீட்டோ காலாவதியாகி வெகு காலமாகிறது. அதனைப் புதுப்பிக்கும் வரிசையில் நிற்பதற்கு என் முழங்கால்கள் இணங்கவில்லை. ஆகவே, கடவுச்சீட்டுக் கேட்காத ஒரே வெளிநாட்டுக்குச் சென்று வந்தேன். கல்முனையிலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு முச்சக்கரவண்டியும் மாறினால் அந்நாடு வந்துவிடும். பெயர் அறுகம்பே. அங்கே இருப்பதும் நம்முடைய கடல்தான். அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு நாம் உட்கார்ந்திருந்தால் வேலையற்றவர் என்பார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்தால் விடுமுறை என்பார்கள். இரு நாடுகளுக்கும் இடையிலான முதல் வேறுபாடு இது.

நான் அங்கு சென்றது கடல் பார்க்கவன்று, படம் பார்க்க. சில ஆண்டுகளாகக் கல்முனையில் வெளிநாட்டுப் படங்களையும் சுயாதீனப் படங்களையும் திரையிடும் வட்டம் ஒன்றை நடத்தி வருகிறோம். ‘நடத்தி வருகிறோம்’ என்பது வெறும் அலங்காரம். நானும் என் மனைவியின் தம்பி றஹீமுமே அந்த வட்டம். ஆங்கிலம் வாசிப்பேன் என்பதனால் எனக்குத் தலைவர் பதவி. புரொஜெக்டர் அவருடையது என்பதனால் றஹீமுக்குச் செயலாளர் பதவி. திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்துகளை நான் ஒலிவாங்கியில் தமிழாக்கிச் சொல்வேன். பிரெஞ்சுக்காரர்களும் ஜப்பானியர்களும் கல்முனையில் என் குரலிலேயே கதைக்கிறார்கள். அவர்களில் எவரும் இதுவரை ஆட்சேபித்ததில்லை.

மண்டபம் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடி. கடைக்காரர் எங்கள் பகுதியில் மதிப்புக்குரிய ஹாஜியார், வாடகை வாங்குவதில்லை. விதி மட்டும் உண்டு. பிற்பகல் அசர் தொழுகைக்குப் பின் படம் ஆரம்பிக்கும். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்கான பாங்கு கேட்டதும் கதாநாயகன் தூக்குமேடையில் நின்றாலும் படம் நிறுத்தப்படும். தொழுதுவிட்டு வந்து மிகுதியைப் பார்க்கலாம். இரவு இஷாத் தொழுகைக்குக் கடை பூட்டப்படும். ஐரோப்பியத் திரைப்பட விழாக்களில் படங்களைத் தரம் பிரிக்க நடுவர் குழு வைப்பார்களாம். எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. மஃரிபுக்குப் படியிறங்கியவர்கள் மறுபடியும் படியேறுகிறார்களா என்று பார்த்தாலே போதும்.

அண்மைக் காலமாக ஒருவரும் ஏறவில்லை. கடைசியாகக் காட்டிய படத்தின்போது மஃரிபுக்குப் பின் மண்டபத்தில் இருந்தவர் ஒரேயொரு ரசிகர். அவர் அசர் முதலே உறங்கிக்கொண்டிருந்தார். விளக்கைப் போட்டு அவரை எழுப்பி அனுப்பிய பின்னர், ஹாஜியார் படியடியில் நின்று நிதானமாகச் சொன்னார்.

“தலைவர், ஆக்கள் இருந்து பாக்குற படமெண்டா மண்டபம் உங்களுக்குத்தான். எழும்பிப் போற படத்துக்கு என்னத்துக்கு மண்டபம்? மேல ரெண்டு அறையும் குசினியும் அடிச்சா என்ட இளையவளுக்கு ஒரு வீடாகும். அடுத்த படத்தையும் பாப்பம். மறுகா எனக்குக் கோபிக்கப்படா.”

எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தே கலியாணம் பேசுவது வழக்கம். ஹாஜியார் தாம் வாழ்ந்த வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்புறத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் மனைவியோடு இருக்கிறார். அவருடைய கூற்றில் ஒரு நியாயக் குறையாவது கண்டுபிடிக்க நான் வழியெல்லாம் முயன்றேன். ஒன்றும் அகப்படவில்லை. எதிரியின் பக்கம் நியாயம் இருப்பதைப் போன்ற தொல்லை வேறில்லை.

அந்த வாரத்திலேதான் அறுகம்பேயில் ஒரு விருந்தினர் விடுதி, வெளிநாட்டுச் சுயாதீனப் படங்களை மூன்று நாட்களுக்குத் தொடர்ந்து காட்டப்போகிறது என்று கேள்விப்பட்டோம். மஃரிபுக்குப் பின் ஆட்களைப் படியேற்றக்கூடிய ஒரு படத்தைத் தேடிக் கொண்டுவருவது என்று தீர்மானித்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம்.

பொத்துவில் வரையில் பயணம் சிறப்பாகவே இருந்தது. அதாவது, எழுதுவதற்கு ஒன்றும் நிகழவில்லை. பொத்துவிலில் ஏறிய முச்சக்கரவண்டியில் ஏற்கெனவே ஒரு வெள்ளைக்கார இளைஞன் அமர்ந்திருந்தான். அவனுடைய அலைச்சறுக்குப் பலகை கூரையின்மேல் கிடந்தது. சாரதி அதன் கயிற்றை றஹீமின் கையில் கொடுத்து, கொஞ்சம் பிடித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். அறுகம்பேக்கு முன்னுள்ள பாலத்துக்கு வந்ததும் காற்று அடித்தது. பலகை எழும்பியது. ஒப்படைத்த பொருளைக் கைவிடாதவர் றஹீம். ஆகையால் அவரும் எழும்பினார். சாரதி பிரேக் போட்டிராவிட்டால் எங்கள் வட்டம் அன்றே செயலாளரை இழந்திருக்கும். இளைஞன் இறங்கி முதலில் பலகையைத் தடவிப் பார்த்தான். பின்னர் றஹீமிடம் நலம் விசாரித்தான். எது முதலில், எது பின்னர் என்ற உள்ளத்து வரிசையை மறைக்காத அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

“கடல்ல மிதக்குற சாமான் வானத்திலயும் மிதக்கும் எண்டு ஒருத்தனும் எனக்குச் சொல்லல்லயே மச்சான்,” என்றார் றஹீம், தொப்பியைச் சரிசெய்தபடி.

விடுதியின் முற்றத்தில் நாங்கள் காலடி வைத்ததும் இசைப்பெட்டியின் ஓசை சட்டென்று தாழ்ந்தது. யோனாஸ் என்ற உரிமையாளர், சாரம் உடுத்து, வெறுங்காலோடு ஓடி வந்தார். தொழுகை நேரத்தில் இசை போட்டது பணியாளரின் தவறு என்றும், இனி அவ்வாறு நேராது என்றும், ஊர்ப் பள்ளிவாசலுக்குத் தம் வருத்தத்தைத் தெரிவிக்குமாறும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டார். நாங்கள் முறைப்பாடு கொண்டு வந்திருக்கிறோம் என்பது அவருடைய எண்ணம். படம் பார்க்க வந்தோம் என்றேன். முறைப்பாடே கொண்டுபோயிருந்தால் அவர் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார்.

முதல் நாள் காட்டப்பட்ட படம் வட துருவத்தை அண்டிய நாடொன்றினது. ஒரு மனிதனின் கார் பனியில் புதைந்துவிடுகிறது. அவன் அதனைப் பார்க்கிறான். பனி மேலும் பெய்கிறது. அவன் மேலும் பார்க்கிறான். முற்றம் நிறைந்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பின்னர் நடந்த கலந்துரையாடலில், இப்படத்தில் மௌனமும் ஒரு பாத்திரம் என்று ஒருவர் கூறினார். நான் அதனை றஹீமுக்குத் தமிழாக்கினேன். அப்படியானால் அந்தப் பாத்திரத்துக்குத்தான் கூடுதலான வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று அவர் அபிப்பிராயப்பட்டார். இரவில் உறக்கம் வராது அவதியுறும் அன்பர்களுக்கு இப்படத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன். மருந்து மாத்திரைகளைப் போலன்றி இதனால் பக்கவிளைவு எதுவும் இல்லை.

சனிக்கிழமை காலை, விடுதியில் பட்டர்புருட் பழத்தை மசித்துப் பாண் துண்டின்மேல் பூசி, அதன்மேல் ஒரு பூவையும் வைத்துத் தந்தார்கள். அந்தப் பூவை உண்பதா, சட்டையில் குத்திக்கொள்வதா என்று நாங்கள் ஆலோசித்துக்கொண்டிருக்கையில், அயல் மேசைப் பெண் அதனைப் பலகோணங்களில் படம் பிடித்துவிட்டு உண்ணாமலே எழுந்து போனாள். றஹீம் பணியாளரிடம் தொட்டுக்கொள்ள உறைப்பான கட்டச்சம்பல் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் அது பணியாளருக்கான உணவு என்று பதில் வந்தது. நாங்கள் தெருவிலிறங்கி ரொட்டிக் கடையொன்றில் ரொட்டியை மீன் ஆணத்தில் தோய்த்து வயிற்றை நிரப்பிக்கொண்டோம். வெளிநாட்டில் உள்ளூர் உணவைத் தேடிக் கண்டுபிடித்து உண்ண வேண்டும் என்று பயண நூல்கள் எல்லாம் வற்புறுத்துகின்றன.

அன்று முற்பகலில், முற்றத்தைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கிக் காட்டிய இரண்டு படங்களை ஏளனமின்றியே பரிந்துரைக்க வேண்டும். ஒன்று, கிழக்காசியத் தீவொன்றின் படம். அக்காவும் தங்கையும் ஒரே சூப்புக் கடையை நடுவில் திரை கட்டிப் பிரித்து நடத்துகிறார்கள். பேச்சுவார்த்தை இல்லை. உப்புத் தேவைப்பட்டால் வாடிக்கையாளரிடம் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த உப்பு போய்வரும் வழியில் இரு பெண்களின் வாழ்வு முழுவதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. உடன்பிறந்தாருடன் காணி வழக்கு நடத்துவோர் இதனைக் குடும்பத்துடன் பார்க்கலாம். ஒரே வரிசையில் அமராதிருப்பது நலம். மற்றையது தென்னமெரிக்கப் படம். ஓர் ஊர் வாத்தியக் குழுவில் எக்காளம் ஊதுபவர் இறந்துவிடுகிறார். அவர் ஊதவேண்டிய இடம் வரும்போதெல்லாம் ஏனையோர் வாசிப்பை நிறுத்திக் காத்திருந்துவிட்டு, மறுபடி தொடர்கிறார்கள். அந்த இடைவெளி ஒன்றில் எனக்குக் கண் கலங்கியது. கடற்காற்று என்று றஹீமிடம் சொன்னேன்.

எனினும் இரண்டும் எங்கள் மண்டபத்துக்கு ஒவ்வாதவை. சகோதரிகள் சமாதானமாவது மதுக்கிண்ணத்தின் முன்னிலையில். வாத்தியக் குழு போகும் கலியாணங்களிலோ, பெண்களின் உடுப்பைத் தைத்தவர் துணியைப் பெரிதும் மிச்சம் பிடித்திருந்தார். ஹாஜியாரின் புடைவைக் கடைக்கு மேலே அத்தகைய சிக்கனத்தைக் காட்டுவது வர்த்தகத்துக்கும் நல்லதன்று.

பிற்பகலில் அலை நன்றாக எழும்புகிறது என்று செய்தி பரவியது. சினிமாவின் எதிர்காலத்தைப் பற்றிக் காலைமுதல் விவாதித்துக்கொண்டிருந்த அனைவரும் பலகைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முற்றத்தில் எஞ்சியவர்கள் நாங்கள் இருவரும், பின்னால் சுவரோரமாக அமர்ந்திருந்த ஓர் இளம் பெண்ணும், ஒரு நாயும். அறுகம்பேயில் கதிரை என்பது நாகரிகக் குறைவு. பஞ்சு மூட்டை ஒன்றைத் தருவார்கள். அதில் உட்காருவது எளிது.

அன்றைய பிற்பகல் படம் கருங்கடலுக்கு அப்பால் உள்ள ஒரு மலைநாட்டில் எடுக்கப்பட்டது. மனைவியை இழந்த ஒரு தகப்பன், ஒரே வீடு, மகளுக்குக் கலியாணம். கலியாணத்துக்கு மறுநாள் விடியலில் அவர் தமது கட்டிலைக் கழற்றிக் கழுதையின் முதுகில் ஏற்றுகிறார். மகள் மறிக்கிறாள். வீடு உன்னுடையது என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறப்படுகிறார். தம்பியின் வீட்டில் அவருக்கென்று இருந்த அறை இப்போது பாற்கட்டி அடுக்கும் அறை. மாவு ஆலையில் பகலில் மட்டும் படுக்கலாம் என்கிறார்கள். ஊர் ஊராகப் போகிறார். போகுமிடமெல்லாம் கட்டிலைப் பூட்டுகிறார். படுப்பதற்கு முன்னமே மறுபடி கழற்றுகிறார்.

விடுதியில் தந்த விளக்கத் தாளில், இந்தக் கட்டில் நாடிழந்த மனிதனின் நினைவுச் சுமைக்குக் குறியீடு என்று அச்சிட்டிருந்தார்கள். நான் அதனைத் தமிழாக்கிக் கொடுத்தேன்.

“இதுல என்ன மச்சான் குறியீடு?” என்றார் றஹீம். “மகளுக்கு வீட்டக் குடுத்தா வாப்பா கட்டிலத் தூக்காம கடலயா தூக்குற?”

ஒரு மலைப்பாதையின் வளைவில், கழுதை நொண்டத் தொடங்கி, எதிரே ஒரு லொறி வந்து நின்று, அதன் சாரதி கதவைத் திறக்கும் தறுவாயில் மஃரிப் பாங்கு கேட்டது. எழுந்தோம் என்று எழுதிவிடலாம், உண்மை அவ்வாறன்று. பஞ்சு மூட்டையிலிருந்து எழுவது எங்கள் வயதில் தனியொரு கலை. நான் றஹீமின் கையைப் பிடித்து இழுக்க, அவர் என்னைப் பிடித்து இழுக்க, புரொஜெக்டரின் ஒளியில் எங்கள் இருவர் நிழலும் அந்த மலைநாடு முழுவதையும் மறைத்தது. ஒருவாறு நிமிர்ந்து, நடுமுற்றத்தைக் கடந்து வெளியேறினோம்.

தொழுது முடித்ததும் றஹீம் துஆப் பிரார்த்தனையைச் சுருக்கிக்கொண்டு விரைந்தார். பள்ளிவாசலிலிருந்து அவர் இத்தனை வேகமாக நடந்து நான் கண்டது கலியாணச் சாப்பாட்டு நாட்களில் மாத்திரமே. நானும் செருப்பை ஒழுங்காக மாட்டாமலே பின்தொடர்ந்தேன். நாங்கள் தேடி வந்த படம் அகப்பட்டுவிட்டது என்பதனை, ஓடும்போது, என் முழங்கால்களே எனக்கு அறிவித்தன.

முற்றத்தில் திரையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். இசை தொடங்கியிருந்தது. யோனாஸ் என் தோளில் கைவைத்து, வெட்கப்பட வேண்டியதில்லை, இந்தப் படத்தில் எல்லோரும் ஏறத்தாழ அந்த இடத்தில்தான் எழுந்து போகிறார்கள் என்று ஆறுதல் கூறினார். பார்ப்பதற்கு எவரும் இல்லை என்பதனால் நிறுத்திவிட்டாராம். பின்னர் குரலைத் தாழ்த்தி, சுவரோரத்துப் பெண்ணைக் காட்டினார். நீனோ என்று பெயர். படத்தை எடுத்தவரே அவர்தானாம்.

அவர் கடலைப் பார்த்தபடி படியில் உட்கார்ந்திருந்தார். நான் எனக்குத் தெரிந்த அகராதி ஆங்கிலத்தில் பேச்சைத் தொடங்கினேன். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலவே மேலும் கீழும் பார்த்து நடந்து வந்தது. ஆகையால் நன்றாக விளங்கியது. எத்தனையோ நகரங்களில் இந்தப் படத்தை ஆட்கள் பாதியில் விட்டுப் போனதைப் பார்த்துவிட்டாராம். “உங்கள் இருவரையும் கண்டபோது, இவர்களாவது இருப்பார்கள் என்று எண்ணினேன்,” என்றார். “நீங்கள் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு தப்பியோடியதைப் பார்த்தேன்.”

தொழுகை, இடைவேளை, திரும்பி வருதல் என்று நான் ஆங்கிலச் சொற்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கையில் றஹீமுக்குப் பொறுமை போய்விட்டது. அவர் நேரே தமிழில் ஆரம்பித்தார்.

“புள்ள, நாங்க தொழப் போனம். உங்கட படத்த விட்டுட்டுப் போகல்ல. கதைய விடுங்க, அந்த மனிசன் கட்டில எங்கதான் வெச்ச? அத முதல்ல சொல்லுங்க.”

நான் தமிழாக்கினேன். நீனோ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு சிரித்தார். நெடுநேரம் சிரித்தார். கையை எடுத்தபோது கண்கள் ஈரமாக இருந்தன. இம்முறை கடற்காற்று என்று சொல்ல எவரும் முன்வரவில்லை.

முடிவை மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். ஞாயிறு காலை அவர் விமான நிலையத்துக்குப் புறப்படுமுன், படத்தை ஒரு பென்டிரைவில் போட்டு என்னிடம் தந்து, உங்கள் ஊரில் காட்டுங்கள் என்றார். காசு கீசு பற்றி ஒன்றுமில்லை. கடைசிவரை இருந்து பார்ப்பவர்கள் என்ன சொன்னார்கள் என்று தமக்கு எழுதினால் போதும் என்றார். இவ்வாறாக ஹாஜியாரின் கேள்வியோடு இன்னொருவரின் கேள்வியையும் சுமந்துகொண்டு நான் தாயகம் திரும்பினேன். கோமாரிக்கு அண்மையில் யானை ஒன்று தெருவை மறித்து நின்றதில் பஸ் தாமதித்தது. அந்த நேரம் முழுவதும் றஹீம், லொறிச் சாரதிக்கு ஒரு விதவைத் தங்கை இருக்க வேண்டும் என்று வாதித்துக்கொண்டிருந்தார். வீட்டுக் கணினியில் இன்றே முடிவைப் பார்த்துவிடுவோம் என்றார். தலைவர் என்ற முறையில் மறுத்தேன். முடிவு தெரிந்தவன் தமிழாக்கம் செய்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

திரையிடல் நாளில் மண்டபத்துக்கு வந்தவர்கள் சொற்பம். ஹாஜியார் முதற்தடவையாக மேலே வந்து, கதவோரக் கதிரையில், போகிறவர்களை எண்ணுவதற்கு வசதியாக அமர்ந்தார். படம் தொடங்கியது. தகப்பன் கட்டிலைக் கழற்றியபோது, அந்த மலைநாட்டு மனிதனுக்கு எங்கள் ஆட்கள் தச்சு வேலை சொல்லிக் கொடுத்தார்கள். தம்பி அறையில்லை என்றபோது, அவனுடைய மனைவியின் வேலைதான் இது என்று ஒருவர் தீர்ப்பளித்தார். பாற்கட்டி அறையைக் காட்டிய இடத்தில் ஹாஜியார் எண்ணுவதை விட்டுவிட்டதைக் கண்டேன். குறியீட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. லொறி நின்றது; பாங்கு கேட்டது; நிறுத்தினோம்.

தொழுகையின்போது என் உள்ளம் தொழுகையில் இருந்தது என்று நான் எழுதினால், என்னைப் படைத்தவன் அதனை வாசிப்பான். ஆகவே எழுதவில்லை.

முடிந்து வெளியே வந்தால், பள்ளிவாசல் எதிரேயுள்ள தேத்தண்ணிக் கடையில் எங்கள் ரசிகர்கள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்து முடிக்குமுன்னே எழுந்தார்கள். படியேறியவர்கள், இறங்கியவர்களைவிடப் பன்மடங்கு. கதிரை போதாமல் கீழேயிருந்து புடைவைக் கட்டுகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். மிகுதியைப் போடுவதற்கு றஹீம் கையை நீட்டியதும், புதிதாக வந்தவர்கள் முதலிலிருந்து வேண்டும் என்றார்கள். பழையவர்கள் லொறியிலிருந்து வேண்டும் என்றார்கள். வாதம் முற்றியபோது ஹாஜியார் கையை உயர்த்தி, முதலிலிருந்தே போடச் சொன்னார். பாற்கட்டி அறையை அவர் இன்னொரு முறை பார்க்க விரும்பினார் என்பது என் ஊகம். இம்முறை எனக்கு ஒலிவாங்கியே தேவைப்படவில்லை. பழையவர்கள் ஒவ்வொரு வசனத்தையும் எனக்கு முன்பாகவே சொன்னார்கள். மூலத்தில் இல்லாத சிலவற்றையும் சேர்த்தார்கள். அவை மோசமாக இருக்கவில்லை.

அந்த லொறி மறுபடியும் வந்து சேருமுன் இஷா வந்துவிட்டது.

கூட்டம் முணுமுணுத்தபடி இறங்கியது. ஹாஜியார் பூட்டையும் திறப்பையும் கையில் வைத்துக்கொண்டு படியில் என்னை நிறுத்தினார்.

“தலைவர், அந்த மனிசன் மறுகா எங்கதான் படுத்தான்?”

எனக்கும் தெரியாது என்றேன். நம்பவில்லை. அல்லாஹ் அறிய நானும் பார்க்கவில்லை என்றேன். அவர் சிறிது நேரம் மேல்மாடியின் சுவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறைகளுக்கும் குசினிக்கும் எங்கே கோடு போடலாம் என்று பார்த்தாரோ, வேறெதனைப் பார்த்தாரோ, நானறியேன்.

“சரி. அவன் கட்டில வெக்கட்டும்,” என்றார். “அதுக்குப் புறகு மண்டபத்தப் பத்திக் கதைப்பம்.”

அந்தப் பென்டிரைவ் இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. அடுத்த திரையிடல் லொறியிலிருந்து ஆரம்பமாகும். அம்மனிதன் கட்டிலோடு மகள் வீட்டுக்கே திரும்பிவிடலாம். அதைப் பார்த்து ஹாஜியாரும் மூத்த மகள் வீட்டுக்குத் திரும்பி, தகரக் கூரை அறையின் இடத்தை இளையவளுக்கு வீடாக்கினால் நாங்கள் பிழைத்தோம். ஏதேனும் ஒரு கடையின் மேல்மாடியில் இரண்டு அறை கிடைத்து அங்கே கட்டிலைப் பூட்டினான் என்றால், எங்கள் வட்டம் கட்டிலைத் தூக்கவேண்டி வரும். முடிவைப் பார்க்காமல் ஒரு படத்தைப் பரிந்துரைப்பது விமர்சகருக்கு அழகன்று என்பார்கள். தொடக்கத்தைப் பார்க்காமலே பரிந்துரைக்கும் விமர்சகர்கள் சிலரை நான் அறிவேன். ஆகவே எனக்குக் கூச்சமில்லை. கட்டில் படத்தைப் பாருங்கள். கல்முனையில் அப்படிக் கேட்டாலே எல்லோருக்கும் விளங்கும்.

நேற்று நீனோவிடமிருந்து தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. கடைசிவரை இருந்தார்களா என்று மட்டும் கேட்டிருந்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்து, பதில் எழுதினேன்: “மதிப்புக்குரிய இயக்குநர் அவர்களுக்கு. தங்கள் திரைப்படம் பாதியில் நிற்கிறது. எவரும் எழுந்து போகவில்லை. கடையைத்தான் பூட்டினோம்.”